வாய்பாடா, வாழ்த்தா? ரஷ்ய வேற்றுமைகளுக்குள் நுழைய இரு வழிகள்

ரஷ்ய மொழி கற்கத் தொடங்குகிறவரை முதலில் மலைக்க வைப்பவை அதன் ஆறு வேற்றுமைகள். அவற்றை வாய்பாடாக மனப்பாடம் செய்வது ஒரு வழி. பண்டிகை வாழ்த்துகளைப் பழகி, அவற்றுக்குள் இருக்கும் இலக்கணத்தைப் பிரித்தறிவது மற்றொன்று.

வாய்பாடு முழுமையானது. ஒரு பெயரடைக்கு மட்டுமே மூன்று பாலும் பன்மையுமாக 24 கட்டங்கள் உண்டு. ஆனால் எந்த வடிவம் எந்தச் சூழலில் வாயில் வர வேண்டும் என்பதை அது கற்பிப்பதில்லை.

வாழ்த்து அதைக் கற்பிக்கிறது. புத்தாண்டு ‘நோவி கோத்’. வாழ்த்தும்போது அது ‘ஸ் நோவிம் கோதம்’ ஆகிறது. ‘வாழ்த்துகிறேன்’ என்னும் வினை மறைந்து நிற்க, ‘புத்தாண்டோடு’ என்பது மட்டுமே ஒலிக்கிறது. ‘கத்தியால்’, ‘நண்பனோடு’ ஆகிய இரண்டையும் மூன்றாம் வேற்றுமையில் அடக்கிய தமிழருக்கு இது புதிதன்று: ரஷ்யத்திலும் ஒரே வடிவம்தான், முன்னால் ‘ஸ்’ வந்தால் உடனிகழ்ச்சி, வராவிட்டால் கருவி. இடறுமிடம் வேறு. ‘மகிழ்ச்சியை விழைகிறேன்’ என்று நாம் இரண்டாம் வேற்றுமையை எதிர்பார்க்கும் ‘ஷெலாயு ஷாஸ்த்யா’வில் ரஷ்யர் நம் ஆறாம் வேற்றுமைக்கு, அதாவது உடைமைப் பொருளுக்கு, ஈடான வடிவத்தை வைக்கின்றனர்.

மார்ச் 8, மகளிர் நாள், இன்னும் வளமானது. அன்று பெண்களுக்குப் பூக்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் தருவார்கள். இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது. மூன்று ரோஜா வாங்கினால் ‘த்ரி ரோஸி’, ஐந்து வாங்கினால் ‘ப்யாத் ரோஸ்’: இரண்டு முதல் நான்கு வரை ஆறாம் வேற்றுமை ஒருமை, ஐந்து முதல் இருபது வரை அதன் பன்மை. பூக்கடையில் ஒருமுறை கேட்டு வாங்கியவருக்கு இவ்விதி எளிதில் மறக்காது.

வாழ்த்துகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஈஸ்டரன்று சொல்லும் ‘ஹ்ரிஸ்தோஸ் வஸ்க்ரேஸே’ (கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்) பழைய திருச்சபை ஸ்லாவிய வினையைச் சுமந்து நிற்கிறது. இன்றைய ரஷ்யத்தில் அது ‘வஸ்க்ரேஸ்’. திருச்சபை, 1918இல் அரசு கைவிட்ட ஜூலியன் நாட்காட்டியைத் தொடர்வதால் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று வருவதைப் போலவே, மொழியிலும் அதன் காலம் வேறு.

தொடக்கக்காரருக்கு வாழ்த்து வழியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மூன்றாம், ஆறாம் வேற்றுமைகள் அதில் தாமாகவே படிந்துவிடுகின்றன. ஆனால் ‘மாஸ்கோவில் வசிக்கிறேன்’ போன்ற இடப்பொருள் வடிவத்துக்கு வாழ்த்துகளில் பெரும்பாலும் வேலையில்லை. அதற்கு வாய்பாட்டைத்தான் திறக்க வேண்டும்.