டச்-அப் பாட்டில்: பெயின்ட் பரவாயில்லை, பிரஷ் தண்டம்

திருவான்மியூரில் வீடு, மாதம் இரண்டு முறை ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டிப் போய் வர வேண்டிய வேலை. ஜல்லி லாரிக்குப் பின்னால் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. என் சில்வர் ஸ்விஃப்டின் பானெட்டில் ஒன்பது இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது, பெரியது மிளகு அளவு, மற்றதெல்லாம் கடுகு. கடுகுதானே என்று விட்டால், கடற்காற்று அடிக்கிற ஏரியாவில் ஒரே மழைக்காலத்தில் அதைச் சுற்றிக் காவி வளையம் கட்டிவிடும். (பம்பரில் இருந்த நாலைந்தை நான் தொடவே இல்லை. அது பிளாஸ்டிக், துருப் பிடிக்காது.)

சர்வீஸ் சென்டரில் கேட்டால், “முழு பானெட்டும் அடிக்கணும் சார், 6,500 ஆகும், இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம்” என்றார்கள். போடலாம்தான். ஆனால் எப்படியும் நம் கையிலிருந்து 1,000 ரூபாய் போகும், அதோடு அஞ்சு வருஷம் கிளெய்மே பண்ணாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும். கடுகுக்காக அதை விட மனசு வரவில்லை. ஆன்லைனில் 600 ரூபாய்க்கு ஒரு டச்-அப் செட் வாங்கினேன்: நெயில் பாலிஷ் மாதிரி ஒரு கலர் பாட்டில், கிளியர் கோட் (கலருக்கு மேலே பூசும் நிறமில்லாத பூச்சு) ஒரு பாட்டில், சின்னதாக ஒரு வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்).

வாங்கும்போது “சில்வர்” என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டுக்கு உள்ளே இருக்கும் தகட்டிலோ கலர் கோடு (நிறத்தின் குறியீடு) இருக்கும். என்னுடையது இசட்2எஸ், மாருதியின் சில்க்கி சில்வர். அந்தக் கோடுக்குத்தான் ஆர்டர் போட்டேன், வந்ததும் சரியான கலர்தான்.

முதல் நாள் நான் பண்ணியது அத்தனையும் தப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி, வெயிலில் நின்ற பானெட்டில் தோசையே சுடலாம், அதன்மேல் மூடியோடு வந்த பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தேன். அந்த பிரஷ் கடுகுக்கு ஏற்றதே இல்லை, விளக்குமாற்றால் கண்ணுக்கு மை வைக்கிற கதை. கடுகு இருந்த இடத்தில் சுண்டல் அளவுக்குத் திட்டு நின்றது, சூட்டில் தொடுவதற்குள் தோல் கட்டிவிட்டது. கீழே வாட்ச்மேன் பார்த்துவிட்டு “என்ன சார், காக்கா எச்சம் போட்டுடுச்சா?” என்றார். துணியில் துளி தின்னர் தொட்டுத் துடைத்தேன், வந்துவிட்டது. கம்பெனியில் சூட்டில் பதப்படுத்திய பெயின்ட் ஒரு துடைப்புக்குத் தாங்கும், அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் மங்கிவிடும், ஜாக்கிரதை.

அடுத்த வாரம் காலை ஆறரைக்கு, ஸ்டில்ட் பார்க்கிங் நிழலில், பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு டூத்பிக்கோடு உட்கார்ந்தேன். ஷாம்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன் (முன்பு போட்ட மெழுகு பாலிஷ் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது). பாட்டிலை இரண்டு நிமிஷமாவது குலுக்க வேண்டும், சில்வருக்கு உயிரே அதில் மிதக்கும் அலுமினியத் தூள்தான், அது அடியில் தங்கிவிட்டால் வெறும் சாம்பல் நிறம்தான் வரும். டூத்பிக் நுனியில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், அதுவே ஓடிப் போய் ஓரத்தில் நின்றுகொள்ளும். அதைப் பார்க்கவே ஒரு சுகம். அரை மணி விட்டு இன்னொரு துளி, அப்புறம் மூன்றாவது. காய்ந்தால் உள்ளே அமுங்கும், அதனால் ஒரே தடவையில் ரொப்ப நினைக்காதீர்கள். கடைசியில் அதே மாதிரி கிளியர் கோட்.

வாட்டர் பேப்பரை மறுநாள் எடுத்தேன், 2000 நம்பர். தண்ணீர் தொட்டு மேட்டின் தலையை மட்டும் லேசாகத் தேய்த்து, காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போட்டேன். கைக்குப் பழக்கமில்லாவிட்டால் இந்தப் படியை விட்டுவிடுங்கள், சுற்றியிருக்கும் கிளியர் கோட் தலைமுடியை விட மெல்லியது, தேய்த்துப் போக்கிவிட்டால் 6,500 ரூபாய்க்குத்தான் போய் நிற்க வேண்டும்.

இப்போது எப்படி இருக்கிறது? நாலடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டப் போய் சாய்த்துப் பார்த்தால் ஒன்பதும் தெரியும், கொஞ்சம் கருப்பாக. ஸ்ப்ரேயில் அடிக்கும்போது அலுமினியத் தூள் படுக்கிற மாதிரி டூத்பிக்கில் படுக்காது, அதனால் மெட்டாலிக்கில் இதுதான் எல்லை. வெறும் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகவே வரும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தபோது எட்டு இடம் சுத்தம், ஒன்றில் மட்டும் கொப்புளம். அது என் சோம்பேறித்தனம், ஏற்கனவே இருந்த துருவைச் சுரண்டாமல் மேலேயே பெயின்ட் வைத்துவிட்டேன்.

பெயின்ட்டுக்கு நாலு ஸ்டார், பிரஷ்ஷுக்கு ஒன்று, அதுவும் மூடி இறுக்கமாக இருப்பதற்காக. பாட்டிலில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. கீழ் வீட்டு அண்ணனின் வண்டியும் அதே இசட்2எஸ், கேட்டார், டூத்பிக் டப்பாவையும் சேர்த்தே கொடுத்து அனுப்பினேன்.