சுருக்கக் காட்சியில் காணாமற்போகும் நடுவர்

ரொறன்ரோவில் வளர்ந்த என் அக்காவின் மகன் 2024 ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று கொக்குவிலில் எங்கள் வீட்டில் வந்து நின்றபோது, அமெரிக்கன் புட்போல் ஆட்டங்களைக் காட்டும் இணையச் சேவை ஒன்றுக்கு என்னைக் கொண்டே ஒரு பருவச் சந்தாவைக் கட்டுவித்துவிட்டுப் போனான். அவன் பஃபலோ பில்ஸ் அணியின் பரம பக்தன். எனக்கு அணி என்று ஒன்றும் இல்லை. ஊர்க் கழகங்களின் உதைபந்தாட்டப் போட்டிகளில் பத்து வருடமளவில் கோட்டு மத்தியஸ்தராகக் கொடி பிடித்தவன் என்பதால், எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் பந்துக்கு முன்னர் நடுவரிடமே என் கண் போகும். ஆகையால் இந்த மதிப்புரையில் சேவையைப் பற்றிய பேச்சும் நடுவர்களைப் பற்றிய பேச்சும் கலந்தே வரும். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

சேவையின் பொதுவான தரத்தில் பெரிய குறை இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு பத்தரைக்கும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்தள்ளிய பிறகு பதினொன்றரைக்கும் வரும். வீட்டு இணைப்பில் படம் தெளிவாகவே ஓடியது. மழை இரவுகளில் இரண்டொரு தடவை நின்று நின்று வந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. நேரடி ஒளிபரப்பு, முழு ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு, நாற்பது நிமிடச் சுருக்கம், மைதானத்தின் உயரத்திலிருந்து இருபத்திரண்டு வீரர்களையும் ஒருசேரக் காட்டும் பயிற்றுநர் காட்சி என்று நான்கு வகையாகப் பார்க்கலாம். வேலைக்குப் போகிறவனுக்கு நடு இரவில் மூன்று மணி நேரம் விழித்திருப்பது ஆகாத காரியம் என்பதால் பருவத்தின் முதற்பாதி முழுவதும் நான் சுருக்கத்தையே நம்பியிருந்தேன். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

இந்த ஆட்டத்தில் களத்தில் ஏழு நடுவர்கள் நிற்கிறார்கள். வெள்ளைத் தொப்பி அணிந்தவர் தலைமை நடுவர். மற்ற அறுவருக்கும் கறுப்புத் தொப்பி. தவறு கண்டவர் இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து எறிகிறார், பின்னர் அவர்கள் கூடிக் கதைக்கிறார்கள், வெள்ளைத் தொப்பிக்காரர் ஒலிவாங்கியை இயக்கி, இன்ன இலக்க வீரர் இன்ன தவறு செய்தார், தண்டனை இத்தனை யார் (கஜம்) என்று அரங்கம் முழுவதற்கும் அறிவிக்கிறார். சுருக்கத்தில் இந்த அறிவித்தல் இல்லை. மஞ்சள் துணி புல்லில் விழுவது தெரியும், காட்சி வெட்டப்படும், அடுத்த கணம் பந்து பதினைந்து யார் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். எவர் என்ன செய்தார், எந்த நடுவர் கண்டார், ஏன் சிலவேளை எறிந்த துணியையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கெல்லாம் விடை கிடையாது. இப்படி ஒரு பத்து ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கும் எவருக்கும் நடுவர்கள் யாருக்கோ வேலை செய்கிறார்கள் என்ற எண்ணம் வராவிட்டால்தான் ஆச்சரியம். எனக்கும் வந்தது. கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணிக்கு நடுவர்கள் சாய்கிறார்கள் என்று மருமகன் அனுப்பும் குரற்பதிவுகளுக்கு, "அது சரிதான் தம்பி" என்று நானும் பதில் போடத் தொடங்கியிருந்தேன்.

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை. பில்ஸும் சீஃப்ஸும் மோதிய ஏஎஃப்சி இறுதியாட்டம் (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றின் இறுதி; வெல்பவர் சூப்பர் போல் என்ற மாபெரும் இறுதிக்குப் போவார்) நமக்குக் காலை ஐந்து மணிக்குத் தொடங்கியதால் அதை நேரடியாகவே பார்த்தேன். நான்காம் காற்பகுதியின் தொடக்கத்தில் பில்ஸ் 22-21 என்று முன்னிலையில் நிற்கிறது. நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்; இது நான்காவது முயற்சி, அந்தப் பத்தை எட்ட ஒரு யார் கூட வேண்டியதில்லை. பில்ஸின் ஜோஷ் அலன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குவியலுக்குள் பாய்கிறார். இரு பக்கக் கோட்டிலிருந்தும் ஓடிவந்த நடுவர்கள் இருவரும் கால் வைத்த இடங்கள் ஒன்றாக இல்லை: ஒருவர் அந்தப் பத்து யார்க் கோட்டைத் தாண்டிய இடத்தில், மற்றவர் அதைச் சற்று எட்டாத இடத்தில். எட்டாத இடத்தில் நின்றவரின் கணக்கே எடுபட்டது. காணொளியில் மறுபார்வை பார்த்தார்கள், தீர்ப்பை மாற்றத் தெளிவான சான்று இல்லை என்று களத்துத் தீர்ப்பையே நிலைநிறுத்தினார்கள். பாண்காரரின் ஆட்டோ பாட்டோடு எங்கள் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தது, தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது, நான் நாலு தடவை பின்னால் இழுத்து அந்த ஒரே பாய்ச்சலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எங்கே நின்றது என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஏனெனில் பந்து கண்ணுக்குத் தெரியவே இல்லை; அலனின் கைகளின் மேல் ஆறேழு மலைகள் விழுந்து கிடந்தன. சீஃப்ஸ் 32-29 என்று வென்றது. பிறகு அதே ஆட்டத்தைச் சுருக்கத்தில் போட்டுப் பார்த்தபோது, இரண்டு நடுவர்களின் கால்களும் வெவ்வேறு இடத்தில் நின்ற அந்தக் காட்சி ஓரிரு நொடிகளில் ஓடி மறைந்தது. வழக்கின் முக்கிய சாட்சியையே வெட்டிவிட்டுத் தீர்ப்பை மட்டும் வாசிப்பது போன்ற வேலை அது.

பக்கச்சார்பு என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டால், எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இந்த ஆட்டங்களை நடத்தும் என்எஃப்எல் லீக்கின் ஆணையாளர் றொஜர் குடெல் அதை நகைப்புக்கிடமானது என்று தள்ளிவிட்டார். அவர் வேறு என்ன சொல்வார் என்று மருமகன் கேட்டது நியாயமே. ஆனால் நடுவர்களின் செல்லப்பிள்ளை எனப்பட்ட அதே சீஃப்ஸ் இரண்டு கிழமை கழித்து சூப்பர் போலில் பிலடெல்பியாவிடம் 40-22 என்று அடிவாங்கியதை அவனால் விளக்க முடியவில்லை. அதற்கும் இரண்டு வருடம் முன்னர், 2023 பெப்ரவரியில், அதே இரு அணிகளும் 35-35 என்று சமநிலையில் நிற்க, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மிஞ்சியிருந்தபோது பிலடெல்பியாவின் ஜேம்ஸ் பிராட்பெரி மீது துணி விழுந்ததும், சீஃப்ஸ் அதைக்கொண்டு நேரத்தைக் கரைத்து 38-35 என்று வென்றதும் உலகறிந்த சண்டை. ஆட்டம் முடிந்தபின் எதிராளியின் சட்டையை இழுத்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டவர் அதே பிராட்பெரி. விட்டுவிடுவார்கள் என்று நம்பினாராம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அப்படிப்பட்ட இழுப்புகளை வேறு நேரங்களில் விட்டுவிடுகிறார்கள் என்பதிலிருந்துதான். ரசிகர்களின் உண்மையான முறைப்பாடு இங்கேதான் இருக்கிறது, சதிக் கதைகளில் அல்ல. ஒரே செயல் ஒரு ஞாயிறு குற்றம், மறு ஞாயிறு குற்றமல்ல.

இதன் உச்சம் 2019 ஜனவரி 20 அன்று நியூ ஓர்லியன்ஸில் நடந்தது. அதை நான் நேரடியாகப் பார்க்கவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன். 20-20 என்ற நிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பந்து வந்து சேருவதற்கு முன்னரே றாம்ஸ் அணியின் நிக்கெல் றோபி-கோல்மன் செயின்ற்ஸ் வீரர் ரொமிலீ லூயிஸை மோதி வீழ்த்துகிறார், துணி விழவில்லை. றாம்ஸ் மேலதிக நேரத்தில் 26-23 என்று வென்று சூப்பர் போலுக்குப் போனது. கொக்குவில் மைதானத்தில் மாடு கட்ட வந்தவர்கூடக் கண்டிருப்பார் என்று நான் சொல்லக்கூடிய தவறு அது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் வழக்கே போட்டார்கள், லூசியானா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. லீக் அவசர அவசரமாக அவ்வகைத் தடுப்புகளையும் மறுபார்வைக்கு உட்படுத்தி 2019 பருவத்தில் விதி கொண்டுவந்தது. அந்த மறுபார்வையிலும் ஒரு கிழமை ஒரு மாதிரி, மறு கிழமை வேறு மாதிரி தீர்ப்பு வரவே, ஒரே வருடத்தில் அதைக் கைவிட்டது.

நடுவர்கள் மீது எனக்கு இரக்கமும் உண்டு. பெரும்பாலானோர் இதைப் பகுதிநேரமாகச் செய்பவர்கள். பல வருடம் தலைமை நடுவராக நின்ற எட் ஹொக்குலி தொழிலால் வழக்கறிஞர். 2008 செப்ரெம்பரில் டென்வரில், பந்து கைநழுவியதை அவர் தவறாகக் கணித்து விசில் ஊதியதால் சான் டியேகோ தோற்றது. தமக்கு மின்னஞ்சலில் எழுதிய ரசிகர்களுக்கு, தவறு தன்னுடையதே என்று அவரே பதில் எழுதினார். இன்று அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரேயொரு நிருபர் மட்டும் சென்று தலைமை நடுவரிடம் சில கேள்விகள் கேட்கலாம் என்பதுதான் ஏற்பாடு.

நடுவரால் காயப்படுவது என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1995 மார்கழியில், இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு வீட்டின் விறாந்தையில் இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி இயக்கிய வானொலியில்தான் மெல்போர்னில் டரல் ஹெயர் முத்தையா முரளிதரனுக்கு ஏழு தடவை நோபோல் கொடுத்த செய்தியைக் கேட்டோம். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்த பெடியன் கோபத்தில் கையை எடுத்துவிட, மிச்சச் செய்தி போய்விட்டது. துடுப்பாட்டத்தில் நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதும் 2008 இல் கொழும்பில், இலங்கை-இந்திய ரெஸ்ற் தொடரில்தான். இன்று மூன்றாம் நடுவர் ஒவ்வொரு படியாகக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே பார்க்கிறோம். தீர்ப்புப் பிடிக்காவிட்டாலும் எப்படி வந்தது என்பது தெரிகிறது. அமெரிக்க ஒளிபரப்பில் மறுபார்வையின் உரையாடல் ரசிகனுக்குக் கேட்பதில்லை. முடிவு மட்டும் வருகிறது. சுருக்கக் காட்சியில் அந்த அறிவிப்பும் இல்லை.

சுருக்கத்தில் தலைமை நடுவரின் அறிவிப்பையாவது விட்டுவையுங்கள், ஒவ்வொன்றும் பத்து நொடிதான் என்று சேவையின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். செயலியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்குமாறு பதில் வந்தது.

சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அதில் ஒன்றரை பயிற்றுநர் காட்சிக்கு மட்டுமே: வர்ணனை இல்லாமல், மேலிருந்து, முன்வரிசை வீரர்களின் கைகள் எதிராளியின் தோளிலா கழுத்திலா இருந்தன என்பதை ஆறுதலாகப் பார்க்க முடிகிறது. பார்த்த பிறகு, துணி விழாத பிடிப்புகள் விழுந்தவற்றை விட எத்தனையோ மடங்கு என்பதும், அவை எல்லா அணிகளுக்கும் பொதுவாகவே இருக்கின்றன என்பதும் விளங்கியது. சந்தா கட்டுகிறவர்கள் சுருக்கத்தை ஆட்டத்தின் ருசிக்கு மட்டும் பார்க்கட்டும். நடுவரோடு கணக்குத் தீர்க்க விரும்பினால் மறுநாள் முழு மறு ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும். 2025 பருவத்திலிருந்து பத்து யார் எட்டியதா என்பதைச் சங்கிலிக்குப் பதிலாகக் கமராக்கள் அளக்கின்றன, ஆனால் பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை இன்னும் மனிதர்தான் முடிவு செய்கிறார்கள். இதை மருமகனுக்குச் சொன்னேன். "அப்ப ஒன்றும் மாறேல்லை மாமா" என்றான். சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன்.