'ரன்' என்ற ஒரு சொல்லில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி: இணையப் பதிப்பு குறித்த மதிப்பீடு

ஓர் அகராதியின் தரத்தை அறிய அதில் அருஞ்சொற்களைத் தேடிப் பார்ப்பதால் அதிகப் பயனில்லை. அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள் இருக்கும். எந்த அகராதியும் அதை இரண்டு வரிகளில் சொல்லிவிடும். தொகுப்பாளர்களின் உழைப்பும் கூர்மையும் எல்லோரும் அன்றாடம் புழங்கும் சிறு சொற்களில்தான் வெளிப்படுகின்றன. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பை மதிப்பிடுவதற்கு, 'ரன்' என்னும் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டேன்.

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சொல்லுக்குரியது. வினையாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியின்போது 'ரன்' அதை முந்தியது. அந்தப் பதிவைத் திருத்திய பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்கள் அதில் உழைத்தார் என்றும், வினைக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின என்றும் 2011இல் செய்தி வெளிவந்தது.

இந்த எண்ணிக்கையைக் காட்டிலும், பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே என்னைக் கவர்ந்தது. இவ்வகராதி வரலாற்று நெறியைப் பின்பற்றுவது; அதாவது, ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதன்முதலாக எப்போது காணப்படுகிறது என்பதில் தொடங்கி, ஆண்டுவாரியாக மேற்கோள்களை வரிசைப்படுத்தி, வழக்கொழிந்தவற்றைத் தனிக் குறியிட்டுக் காட்டி, ஒரு பொருளின் வாழ்க்கையை முழுமையாக நம் முன் வைக்கிறது. மனிதர் ஓடுவதும் நீர் ஓடுவதும் பழைய ஆங்கிலத்திலேயே இந்த ஒரே வினையால் குறிக்கப்பட்டன. இதன் உறவுச்சொல்லான ஜெர்மானிய 'ரின்னன்' இன்றும் நீர் வழிவதைக் குறிக்கிறது. அதே குடும்பத்தின் 'ரென்னன்' கால்களால் ஓடுவதைக் குறிக்கிறது. இதை அறிந்த பிறகு, மூக்கு ஒழுகுவதற்கும், துவைத்த துணியில் சாயம் இறங்குவதற்கும், மெழுகு உருகி வழிவதற்கும் ஆங்கிலேயர் ஏன் இந்தச் சொல்லையே ஆளுகிறார்கள் என்று தனியாக எவரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் ஆறும் ஓடுகிறது, குதிரையும் ஓடுகிறது, கடிகாரமும் ஓடுகிறது. ஆதலால் தமிழர்க்கு இந்தக் கிளை எளிதில் பிடிபடும்.

தடுமாற்றம் வருவது அடுத்த கிளையில். ஓடச் செய்தல் என்ற பிறவினைப் பொருளிலிருந்து இயந்திரத்தை இயக்குதல், கணினி நிரலை இயக்குதல், நிறுவனத்தை நடத்துதல் ஆகியவை பிறந்திருக்கின்றன. தேர்தலில் நிற்பதை அமெரிக்கர் 'ரன்' என்கிறார்கள். பிரிட்டனில் தமிழைப் போலவே 'நிற்கிறார்கள்'. சாலை நீண்டு செல்வது, நாடகம் பல மாதங்கள் மேடையில் தொடர்வது, ஒப்பந்தம் குறிப்பிட்ட காலம்வரை செல்லுபடியாவது, ஒரு குணம் குடும்பத்தில் வழிவழியாக வருவது, காய்ச்சல் கண்டிருப்பது ஆகியவற்றுக்கும் இதே சொல்தான். பெயர்ச்சொல்லாகும்போது கிரிக்கெட் ஓட்டமும், வைப்பாளர்கள் அச்சத்தில் ஒரே நேரத்தில் வங்கியிலிருந்து பணத்தை எடுக்க முண்டியடிப்பதும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்பவர் விரைவில் சோர்ந்துவிடுவார். கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் இப்பதிவைப் படிப்பவருக்கோ, புதிதாக எதிர்ப்படும் ஒரு வழக்கையும் அதற்குரிய கிளையில் பொருத்திப் பார்க்கும் பயிற்சி கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட உதவியான பயிற்சியை நான் அறியேன்.

இருந்தாலும், அவசரத்துக்கு ஒரு பொருளைத் தேடுபவருக்கு இந்தப் பதிவு ஏற்றதல்ல. பழமையானது முன்னால் வருவதால், இன்று மிகுதியாக வழங்கும் பொருள் எங்கோ நடுவில் கிடக்கிறது. பின்னொட்டுச் சொற்களோடு சேர்ந்து வரும் தொடர்களான 'ரன் அவுட்', 'ரன் இன்டு', 'ரன் டவுன்' போன்றவை ஒவ்வொன்றும் பல பொருள்களாகப் பிரிந்திருப்பதால், தேடுபவர் நெடுநேரம் திரையை உருட்ட நேரிடுகிறது. எந்த வழக்கு பேச்சுக்குரியது, எது கடிதத்துக்குரியது என்ற குறிப்பும் கற்போருக்குப் போதுமான அளவில் இல்லை.

அத்தேவைக்கு, கற்போருக்கென்றே ஆக்கப்பட்ட அகராதிகளே உகந்தவை. 1978இல் முதலில் வெளிவந்த லாங்மன் தற்கால ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் தன் விளக்கங்களை அடக்கிக்கொள்கிறது. 1987இல் வந்த கோபில்டு அகராதி, சொல்வங்கியை (மக்கள் உண்மையில் பயன்படுத்திய ஆங்கிலத்தின் பெருந்திரட்டை) ஆராய்ந்து, சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்தே பொருள் கூறுகிறது. வினையைத் தொடர்ந்து எந்த முன்னிடைச்சொல் வரும், எவ்வகை எழுவாயோடு அது சேரும் என்பதை அவ்வாக்கியமே காட்டிவிடுகிறது. பிழையின்றி எழுத விரும்புபவர் முதலில் இவற்றையே நாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா தேவை. பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்கள் பலவும் தம் உறுப்பினர்களுக்கு இதை வழங்குவதால், சொந்தப் பணத்தைச் செலவிடுமுன் உங்கள் நூலகத்தில் விசாரிப்பது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: திருத்தப் பணி இன்னும் முடியவில்லை. சில பதிவுகள் அண்மையில் புதுப்பிக்கப்பட்டவை. வேறு சிலவற்றின் உரை 1928இல் நிறைவுற்ற முதற்பதிப்பிலிருந்து பெரிதும் மாறாமலே வந்தது. ஒவ்வொரு பதிவிலும் அதன் திருத்த வரலாறு தரப்பட்டிருக்கிறது. மேற்கோள் காட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.