சார்புத்தொடரைக் கண்டுபிடிக்க எது நல்ல வழி: பொருளா, தமிழாக்கமா, இணைப்புச் சொல்லா?

ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, இதில் தனித்து நிற்கும் தொடர் (கிளாஸ்) எது, இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் தொடர் எது என்று கேட்டால், நம்மில் பலர் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிப்போம். பொருள் முடிகிறதா என்று பார்ப்போம், மனதுக்குள் தமிழாக்கிப் பார்ப்போம், அல்லது பிகாஸ், வென், இஃப் மாதிரி ஓர் இணைப்புச் சொல்லைத் தேடுவோம். மூன்றையும் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே தரம் இல்லை.

பொருள் வழியைத்தான் பெரும்பாலும் முதலில் கற்றுத் தருகிறார்கள்: முழுப்பொருள் தந்தால் இண்டிபெண்டன்ட், தராவிட்டால் சபார்டினேட். கேட்க எளிது, பயன்படுத்தினால் வழுக்கும். 'ஷி டிட் இட் அகெய்ன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் யார், எதைச் செய்தாள், ஒன்றும் தெரியாது. ஆனால் இலக்கணப்படி அது முழு வாக்கியம். மாறாக, "ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்கு 'பிகாஸ் ஐ வாஸ் இல்' என்று பதில் வந்தால் கேட்டவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. இருந்தும் அது சார்புத்தொடர்தான். இந்த வழியை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள்.

தமிழாக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. 'இட் ரெய்ன்ட்' என்றால் மழை பெய்தது. பெய்தது என்பது முற்று, அதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதையே இன்னொன்றைச் சார்ந்து நிற்க வைத்தால் பெய்ததால், பெய்தபோது, பெய்தாலும் என்று வினையின் வடிவமே மாறிவிடும். (பெய்ததால் என்பதைக் கறாரான இலக்கணத்தில் எச்சம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது முற்று இல்லை, நமக்கு அது போதும்.) ஆங்கிலத்தில் இந்த மாற்றம் நடப்பதில்லை. பிகாஸ் இட் ரெய்ன்ட், வென் இட் ரெய்ன்ட், ஆல்தோ இட் ரெய்ன்ட் என மூன்றிலும் ரெய்ன்ட் அப்படியே முற்றாக நிற்கிறது. சார்பு முழுவதையும் முன்னால் உள்ள அந்த ஒரு சொல்தான் சுமக்கிறது. தமிழ்க் காதுக்கு இது பிடிபடாததால்தான் பலர் 'பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துவிடுகிறார்கள்.

இந்த வழி ஏமாற்றும் இடமும் உண்டு. 'சீயிங் தி டாக், ஹி ரான்': நாயைப் பார்த்து ஓடினான். பார்த்து என்பது எச்சம், ஆகவே சார்புத்தொடர் என்று தோன்றும். பள்ளி ஆங்கில இலக்கணத்தில் அது வெறும் சொற்றொடர் (ஃப்ரேஸ்), ஏனென்றால் சீயிங் முற்றுவினை இல்லை.

இணைப்புச் சொல் வழியில் விரலை வைத்தே சோதிக்கலாம். பிகாஸ் மேல் விரலை வைத்து மறையுங்கள். மிச்சம் 'இட் ரெய்ன்ட்', தனியாக நிற்கிறது. விரலை எடுங்கள், சாய்ந்துவிடுகிறது. வினையைத் தொடாமலே இது வேலை செய்வதால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். ஆனால் அண்ட், பட், ஆர், ஸோ ஆகியவற்றை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அவை இரண்டு சமமான தொடர்களைச் சேர்ப்பவை, ஒன்றைத் தாழ்த்துபவை அல்ல. ஆல்தோ என்று தொடங்கி நடுவில் பட் போடுவது இந்தக் குழப்பத்தில் வரும் பிழை: ஒரு சொல் தாழ்த்தியதை இன்னொரு சொல் சமமாக்கப் பார்க்கிறது. அப்புறம் ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ் கண்டதும் முடிவு கட்டாமல் பின்னால் எழுவாயும் வினையும் வருகிறதா என்று பாருங்கள். 'ஆஃப்டர் தி மேட்ச்' தொடரே அல்ல.

கமா விஷயம் எளிது: சார்புத்தொடர் முன்னால் வந்தால் பொதுவாகப் போடுங்கள், பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

இணைப்புச் சொல்லே கண்ணில் படாத இடமும் உண்டு. 'தி லெட்டர் ஐ ரோட் இஸ் மிஸ்ஸிங்'. விரல் வைக்க ஒன்றும் இல்லை. ரோட், இஸ் என்று இரண்டு முற்றுவினைகள் இருப்பதால் தொடர்களும் இரண்டு என்று மட்டும் தெரிகிறது. அங்கே தமிழாக்கிப் பாருங்கள்: நான் எழுதிய கடிதத்தைக் காணோம். 'எழுதிய' என்ற பெயரெச்சம், 'ஐ ரோட்' தான் சார்புத்தொடர் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.