ஹட்டன் பனியில் ஒன்பது வருடம்: டெக்னிக்ஸ் 1200 எம்கே2

அப்பா இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் விடியுமுன்னே நாதஸ்வர ரெக்கோட் ஒலித்தாக வேண்டும். அவரிடம் இருந்தது ரப்பர் பெல்ட் சுழற்றும் ரெக்கோட் பிளேயர். பெல்ட் தளர்ந்துவிட்டால் நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை மெல்ல அலையும். பாட்டுகளில் பிடிபடாத குறை அங்கே பளிச்சென்று தெரியும். "சுருதி எறங்குது" என்று அவர் முகம் சுருங்கும். அந்த ரெக்கோட்டுகள் என் கைக்கு வந்தபோது, பெல்ட்டே இல்லாத பிளேயர்தான் வாங்குவது என்று தீர்மானித்தேன்.

அப்படித்தான் இந்த டெக்னிக்ஸ் 1200 எம்கே2 பிளேயரைக் கொழும்பில் பழையதாக வாங்கினேன். 1979இல் வெளிவந்த மாடல். ரெக்கோட்டை வைக்கும் தட்டின் அடியில் இருக்கும் காந்தமே மோட்டாரின் ஒரு பாகம். நடுவில் தேய ரப்பர் எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் 0.7 விநாடியில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தைப் பிடித்துவிடும். டீஜேக்கள் கொண்டாடுவது அதைத்தான். எனக்கோ பிடித்த வேகத்தை விடாமல் இருப்பதுதான் முக்கியம். குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு ஒப்பிட்டு அது தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. பொழுது சாய்ந்து ஊரெல்லாம் சமைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டு பல்ப் மங்கும். அப்போதும் தட்டின் ஓரத்துப் பெரிய புள்ளிகள் சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும், வேகம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் காட்டக் கொடுத்துவைக்கவில்லையே என்று இருக்கும்.

விற்றவர் 230 வோல்ட் என்றார். பின்பக்கத் தகட்டைப் பார்த்தால் 100 வோல்ட், ஜப்பானில் விற்கச் செய்த பீஸ். அப்படியே சொருகியிருந்தால் கருகியிருக்கும். வோல்ட்டைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் போட்டேன். வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தகட்டைப் படியுங்கள். இரைச்சலும் இருந்தது. தனியாகத் தொங்கும் மெல்லிய எர்த் வயரை பிளேயரின் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்பின் திருகில் இறுக்கியதும் அடங்கியது.

முள் ஓர்டோஃபோன் 2எம் ரெட். எதிர் எடையைத் திருகி, முள் ரெக்கோட்டை அழுத்தும் எடையை 1.8 கிராமில் வைத்திருக்கிறேன்.

மலையில் பிளேயரை விட ரெக்கோட்டுக்குத்தான் ஆபத்து. அடைமழை மாதங்களில் பழைய காகித உறை ஈரம் குடித்து, பள்ளங்களில் வெள்ளைப் பூஞ்சை படரும். வடித்த தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி கழுவி நிழலில் உலர்த்துவேன். உறையையும் மாற்றிவிடுவேன், இல்லாவிட்டால் பூஞ்சை திரும்ப வரும்.

ஒன்பது வருடத்தில் வந்த கோளாறு ஒன்றே ஒன்று. வேகம் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரில் தூசி சேர்ந்து, நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வேகம் துள்ளியது. கழற்றிச் சுத்தம் செய்ததும் சரியானது. பலகைத் தரையில் யாராவது அழுத்தி நடந்தால் முள் குதிக்கும். கனமான கருங்கல் பலகை ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

உண்மையான குறை, பழைய அரக்கு ரெக்கோட்டுகளுக்கு வேண்டிய 78 சுற்று வேகம் இல்லாததுதான். அப்பாவின் அரக்குத் தட்டுகள் தகரப்பெட்டியில் துணி சுற்றியபடியே கிடக்கின்றன. அவற்றை ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரையும். இதே வரிசையில் 2019இல் வந்த எம்கே7இல் 78 உண்டு. அதற்காகத்தான் காசு சேர்க்கிறேன். அது வந்தாலும் இதைக் கொடுக்கமாட்டேன்.