ஸ்பானிய அகராதியின் இணையப் பதிப்பு: ஓராண்டுப் பயன்பாட்டில் கண்டவை

சேலத்தில் போர்வை, விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் எனக்கு, ஸ்பெயின் அரச மொழிக் கழகத்தின் அகராதி ஓராண்டாக அன்றாடத் துணையாக இருந்துவருகிறது. 1713-இல் தொடங்கப்பட்ட அக்கழகம், 2014-இல் அச்சில் வந்த தன் 23-ஆம் பதிப்பை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

சென்ற ஐப்பசி மழையில் முழுதும் உலராத போர்வைகளைக் கட்டி ஏற்றிவிட்டோம். போய்ச் சேர்ந்தபோது அவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. வாங்கியவரின் கடிதத்தில் இருந்த ‘தாஞோஸ் இ பெர்ஹுய்சியோஸ்’ என்ற தொடரின் இரண்டாம் சொல்லை நான் ‘ப்ரெஹுய்சியோஸ்’ என்று படித்து, நம்மைப் பற்றித் தப்பெண்ணம் கொண்டுவிட்டாரே என வருந்தினேன். ரகரம் இடம் மாறியதால் வந்த பிழை அது என்பதை அகராதிதான் காட்டியது. பெர்ஹுய்சியோ என்பதற்குச் சட்ட வழக்கு என்ற குறிப்புடன், விளைவித்தவர் ஈடுசெய்ய வேண்டிய பொருளிழப்பு என அது விளக்கம் தருகிறது. துணியில் பிடித்த பூஞ்சை தாஞோ (சேதம்) என்றால், அதனால் அவருக்கு ஏற்பட்ட நட்டம் பெர்ஹுய்சியோ.

ஆனால் தாஞோவைத் தேடினால் அது ‘தாஞார்’ என்ற வினைக்கு அனுப்புகிறது. அவ்வினையின் விளக்கத்தில் பெர்ஹுய்சியோ வருகிறது. பெர்ஹுய்சியோவின் வினையைப் பார்த்தால் மீண்டும் தாஞோ. எடுத்துக்காட்டு வாக்கியங்களும் குறைவு; விளக்கங்கள் முழுவதும் ஸ்பானியத்திலேயே இருப்பதால் புதிதாகக் கற்பவருக்கு இது உதவாது. அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்ட ஒருபொருட்சொற்கள் இக்குறையை ஓரளவு தணிக்கின்றன.

போர்வைகளை முழுதும் உலர்த்தி அனுப்பியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீங்கு என்ற பொருள் தாஞோ, பெர்ஹுய்சியோ என்ற இவ்விரு சொற்களிலும் இல்லை; அது ‘நெக்லிஹென்சியா’ என்பதிலிருந்தே வருகிறது. அகராதி அதைக் கவனக்குறைவு என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதால், 1889-ஆம் ஆண்டின் ஸ்பானிய உரிமையியல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். கடமையை நிறைவேற்றுவதில் கவனக்குறைவு காட்டுபவர் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அதன் 1101-ஆம் பிரிவு. முன்னறிய இயலாததற்கும், அறிந்தும் தவிர்க்க இயலாததற்கும் பொதுவாக எவரும் பொறுப்பல்லர் என்கிறது 1105. ஐப்பசியில் மழை வரும் என்பது சேலத்தில் எவரும் அறியாததன்று. ‘எதிர்பாராத’ என்பதற்குரிய ஸ்பானியச் சொல்லையும் அகராதியில் எடுத்து வைத்திருந்தேன். மறுமொழியில் அதை விட்டுவிட்டு, எங்கள் நெக்லிஹென்சியா என்றே எழுதினேன்.