முன்னாள் ராணுவத்தினருக்கான ஓவிய சிகிச்சை: அப்பாவை அனுப்பிப் பார்த்ததில்

வேளச்சேரியில் ஒரு மனநல மையத்தின் மாடியில், சனிக்கிழமை காலைகளில் இந்தக் குழு கூடுகிறது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்தவர். 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை. சரியான தூக்கம் கிடையாது. தீபாவளி வந்தால் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்துவிடுவார். கவுன்சலிங் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்பார். படம் வரையத்தானே கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொன்ன பிறகுதான் கிளம்பினார்.

நடத்துபவர் சின்ன வயதுப் பெண். யாருடைய படத்தையும் "நல்லா இருக்கு" என்று சொல்வதில்லை, இதற்கு இதுதான் அர்த்தம் என்று விளக்குவதும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்பா கரித்துண்டால் பனைமரங்களாக வரைந்துகொண்டிருந்தார், அழுத்துகிற அழுத்தத்தில் கரி உடைந்து விழும். ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் ஒரு கிணறு. ஒருநாள் அந்தப் பெண், "இந்தக் கிணறு எவ்வளவு ஆழம் சாப்?" என்று மட்டும் கேட்டாராம். "தெரியலம்மா, நான் எட்டிப் பாக்கல" என்றிருக்கிறார் அப்பா. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம், பக்கத்தில் உட்காரும், கார்கில் போரில் இருந்த ஒரு நாயக்கிடம் (அது ராணுவத்தில் ஒரு பதவி) அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அப்புறம் காகிதக் கூழில் முகமூடி செய்ய வைத்தார்கள். அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் மூளைக்காயம் பட்ட வீரர்களுக்கு இந்தப் பயிற்சி உண்டு. ஓவிய சிகிச்சைக்கு 1942-இல் 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்த ஏட்ரியன் ஹில்லும் முதல் உலகப்போரில் இருந்த ஓவியர்தான். காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தேறினவர். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, "நம்ம ஆளுதான்" என்றார்.

குறையும் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. முட்டி தேய்ந்த ஆட்களை இரண்டு மாடி ஏறவைப்பது அநியாயம். ஆரம்பத்தில் வகுப்பு பாதி இங்கிலீஷில் நடந்தது, கேட்டுக்கொண்ட பிறகு தமிழுக்கு மாற்றினார்கள். கண்காட்சி வைக்கப் படங்களைக் கேட்டார்கள். அப்பா முடியாது என்றதும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்கள், அந்த நாகரிகத்துக்கு நன்றி.

தூக்கம் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் டாக்டரும் தொடர்கிறார்கள், தொடரத்தான் வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் யாரும் எழுப்பாமலே ஷேவ் செய்து, சட்டையை அயர்ன் செய்துகொண்டு வாசலில் நிற்கிறார். இதற்காகவே எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தைச் சொல்வேன்.

வேறு எங்காவது சேர்ப்பதாக இருந்தால், குழுவை மேற்பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் டிராயிங் கிளாஸுக்குச் சிகிச்சை என்று போர்டு மாட்டுகிறவர்களும் உண்டு. ராத்திரியில் நிலைமை மோசமானால் வகுப்புக்காகக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.